பதினாலாம் நம்பர் பஸ்ஸும் ஓப்பலின் படிப்பும்

லோரீன் ஸ்டக்கி பதினோரு வருஷமாகப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்து வடக்கு மூலையில் ப்ளம் க்ரீக்கைச் சுற்றியுள்ள சரளைக்கல் சாலைகளில் காலையில் நாற்பத்திரண்டு மைல், மாலையில் அதே நாற்பத்திரண்டு மைல். பிள்ளைகள் ஐம்பத்தொரு பேர். அதில் இரண்டு அவள் பெற்றவை.

அந்தப் பக்கத்தில் ஓட்டுநர்கள் பஸ்ஸைத் தங்கள் வீட்டு வாசலிலேயே நிறுத்திக்கொள்வார்கள். பதினாலாம் நம்பர் பஸ் லோரீனின் சமையலறை ஜன்னலிலிருந்து முப்பது தப்படி தூரத்தில் நிற்கும். விடியற்காலை நாலே முக்காலுக்கு எழுந்து, காபியை வாயில் ஊற்றிக்கொண்டு, எஞ்சினைச் சூடாக்கி, கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டுவாள். மகன் வேடும் மகள் ஓப்பலும்தான் முதலில் ஏறுவார்கள். கடைசிப் பிள்ளை பள்ளிக்கூட வாசலில் இறங்கும்போது மணி எட்டடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும். அதற்குள் மூன்று சண்டைகளைத் தீர்த்திருப்பாள், ஒரு மூக்கைத் துடைத்துவிட்டிருப்பாள், ஒரு வாந்திக்கு மேல் மரத்தூளைக் கொட்டியிருப்பாள்.

இப்படி ஒரு வட்டாரத்தின் பிள்ளைகளையெல்லாம் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிறவளுக்கு, தன் பிள்ளையை அங்கே அனுப்புவதா, வீட்டில் வைத்துத் தானே சொல்லிக்கொடுப்பதா என்று நாலு மாதமாகத் தீர்மானம் வரவில்லை. பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்க வேண்டிய கடிதம் தயாராகவே இருந்தது. 'எங்கள் மகள் ஓப்பல் ஜீன் ஸ்டக்கியை வீட்டில் வைத்துப் படிக்க வைக்க முடிவு செய்திருக்கிறோம், அவள் பெயரை எடுத்துவிடவும்' என்று இரண்டே வரி. நவம்பரில், நன்றி செலுத்தும் நாளின் வான்கோழி விருந்துக்கு முந்தின வாரம் எழுதியது. தேதி போடும் இடத்தைக் காலியாக விட்டு, பஸ்ஸில் தலைக்கு மேலே வெயில் மறைக்கிற பலகையில் செருகி வைத்தாள். மார்ச் வந்துவிட்டது. கடிதம் அங்கேயே இருந்தது.

ஓப்பலுக்கு எட்டு வயது. மூன்றாம் வகுப்பு. மக்குப் பிள்ளையில்லை. கோழிகளுக்குப் பெயர் வைத்து எது எந்தக் கிழமை முட்டையிட்டது என்று மனப்பாடமாகச் சொல்வாள். ஆனால் வகுப்பில் மாதம் ஒருமுறை ஒரு சோதனை வைக்கிறார்கள். டீச்சர் கையில் நிறுத்துக் கடிகாரம். ஒரு நிமிஷத்தில் எத்தனை சொல் உரக்கப் படிக்கிறாய் என்று பார்ப்பார்கள். கடிகாரம் கிளிக்கென்று சொன்னதும் ஓப்பலுக்கு எழுத்துகள் கண்ணை விட்டு ஓடிவிடும். அக்டோபரில் பதினேழு சொல் படித்தாள். ஜனவரியில் ஒன்பது. அன்றைக்கு நாற்காலியிலேயே சிறுநீர் போய்விட்டது. டீச்சர் நல்லவர்தான், தன் ஸ்வெட்டரை இடுப்பில் கட்டி அனுப்பினார். அவர் வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள், அவருக்கும் மேலிடத்துக்கு எண் அனுப்பியாக வேண்டும். அதற்குப் பிறகு தினமும் காலையில் ஓப்பலுக்கு வயிறு வலித்தது. டாக்டர் வயிற்றில் ஒன்றுமில்லை என்றார். ஒன்றுமில்லாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு பிள்ளை தினமும் பஸ்ஸில் ஏறியது.

யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. புருஷன் கார்த்தின் தங்கை மெரிலீ ஆறு பிள்ளைகளை வீட்டில் வைத்துத்தான் படிக்க வைக்கிறாள், ரொட்டியும் தானே சுடுகிறாள், முகத்தில் சோர்வு என்பதே கிடையாது. லோரீனுக்கு அதைப் பார்த்தாலே அலுப்பாக இருக்கும். அந்த மாநிலத்தில் வீட்டில் படிக்க வைக்கிறவர்கள் வருஷத்துக்கு ஆயிரம் மணி நேரப் படிப்பை நோட்டில் எழுதி வைக்க வேண்டும். மெரிலீ ஆகஸ்டில் ஆரம்பித்து ஏப்ரலுக்குள் ஆயிரத்தை முடித்துவிடுவாள். வாத்து செத்தால் உயிரியல் இரண்டு மணி நேரம், வாத்தைப் புதைத்தால் உடற்பயிற்சி ஒரு மணி நேரம். வரும்போதெல்லாம், எப்போது எடுக்கிறாய், எப்போது எடுக்கிறாய் என்று நச்சரிப்பாள்.

கார்த் கூரை வேலை செய்கிறவன். நல்ல மனுஷன். கேட்டால், "நீ என்ன சொல்றியோ அதுதான்"என்பான். உதவி மாதிரி தெரிகிற இந்தச் சொல்லால் லோரீனுக்கு ஒரு பைசா உபயோகமில்லை. பன்னிரண்டு வயது வேடைக் கேட்டபோது, தன்னை வீட்டில் உட்கார வைத்தால் நடந்தே பள்ளிக்கூடம் போய்விடுவேன் என்று சொல்லிவிட்டான். அவனுக்கு அங்கே கூடைப்பந்து இருக்கிறது, நண்பர்கள் இருக்கிறார்கள். அவன் விஷயம் அதோடு முடிந்தது.

வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. வேடுக்குச் சர்க்கரை நோய். இன்சுலினுக்கான இன்ஷூரன்ஸ் லோரீனின் பஸ் வேலையால்தான் வருகிறது. ஆகவே பஸ்ஸையும் ஓட்ட வேண்டும், பாடமும் சொல்ல வேண்டும். காலை ஓட்டம் முடிந்து மாலை ஓட்டம் தொடங்கும் வரை ஆறு மணி நேரம் இருக்கிறதே, அதில் சொல்லிக்கொடுத்தால் என்ன என்று மெரிலீ கேட்டாள்.

அங்கேதான் சங்கடம். லோரீன் யாரிடமும் சொல்லாத ஒன்று உண்டு. பஸ்ஸை நிறுத்திவிட்டு உள்ளே வந்து பூட்ஸைக் கழற்றி சோபாவில் சாய்ந்தால், அந்த வீட்டில் ஒரு சத்தம் இருக்காது. யாரும் அம்மா என்று கூப்பிட மாட்டார்கள். அவள் தூங்குவாள். தூக்கம் வராவிட்டால் சும்மா கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள். நாள் முழுவதிலும் அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான். கடிதம் நாலு மாதம் பலகையிலேயே கிடந்ததற்குக் காரணம் அதைக் கொடுக்க மனசில்லாமல் போனதுதான். பிள்ளையின் வயிற்று வலியை ஒரு பக்கமும் தன் தூக்கத்தை இன்னொரு பக்கமும் வைத்துப் பார்க்கிற தாய் என்ன தாய் என்று தன்னையே திட்டிக்கொள்வாள். திட்டிக்கொண்டே தூங்கியும் போவாள்.

மார்ச் முதல் செவ்வாய்க்கிழமை மறுபடி படிப்புச் சோதனை. காலையில் பஸ்ஸில் ஏறும்போது ஓப்பல் படியிலேயே நின்றாள்.

"இன்னிக்கு மட்டும் வேணாம்மா."

"சாயங்காலம் பேசிக்கலாம், ஏறு"என்றாள் லோரீன். சாயங்காலம் பேசிக்கலாம் என்று அவள் சொல்வது அது எத்தனையாவது தடவை என்று இரண்டு பேருக்குமே தெரியாது.

பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் இறங்கும்போது படியில் இரண்டு பையன்கள் ஒரு தொப்பிக்காக அடித்துக்கொண்டார்கள். அவர்களைப் பிரித்து விட்டதில் யார் இறங்கினார்கள், யார் இறங்கவில்லை என்று லோரீன் கவனிக்கவில்லை. எட்டேகாலுக்கு வீட்டு வாசலில் பஸ்ஸை நிறுத்தினாள்.

நிறுத்தியதும் ஓட்டுநர் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. கடைசி இருக்கை வரை நடந்து, ஒவ்வொரு இருக்கையிலும் குனிந்து பார்த்து, தூங்கிப்போன பிள்ளை யாரும் இல்லை என்று தெரிந்த பிறகு பின் கண்ணாடியில் 'இந்த பஸ் காலி' என்ற மஞ்சள் அட்டையை மாட்ட வேண்டும். வேலையில் சேர்ந்த முதல் நாளே கற்றுத் தருகிற பாடம் அது. இந்தப் பதினோரு வருஷத்தில் ஒரு நாள் கூட லோரீன் அதைத் தவறவிட்டதில்லை. அன்றைக்கும் நடந்தாள். கடைசி வரை போனாள். அட்டையை மாட்டினாள். வீட்டுக்குள் போய் பூட்ஸைக் கழற்றினாள்.

பத்து மணி பத்து நிமிஷத்துக்கு போன் அடித்தது. பள்ளிக்கூடத்திலிருந்து தானாக வருகிற குரல். 'உங்கள் பிள்ளை ஓப்பல் இன்று வகுப்புக்கு வரவில்லை'என்றது. லோரீனுக்கு எரிச்சல்தான் வந்தது. நான்தானே கொண்டுபோய் விட்டேன், இவர்கள் லட்சணம் இதுதான் என்று திரும்பிப் படுத்தாள்.

படுத்தவள் அப்படியே எழுந்து உட்கார்ந்தாள். காலையில் பஸ்ஸுக்குள் கடைசி வரை நடந்து போனது ஞாபகம் இருந்தது. அட்டையை மாட்டியது ஞாபகம் இருந்தது. ஒரு இருக்கையையாவது பார்த்தோமா என்று நினைத்துப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. வெறும் காலுறையோடு சரளைக்கல்லில் ஓடினாள்.

கடைசி இருக்கைக்கும் அதற்கு முந்தினதுக்கும் இடையில், தரையில், கோட்டைப் போர்த்திக்கொண்டு ஓப்பல் உட்கார்ந்திருந்தாள். மத்தியானத்துக்குக் கட்டிக் கொடுத்த வேர்க்கடலை வெண்ணெய் ரொட்டியில் பாதியைத் தின்று முடித்திருந்தாள். மூக்கு சிவந்திருந்தது. விரல்கள் சில்லிட்டிருந்தன. பயந்த மாதிரித் தெரியவில்லை. இத்தனை நாளில் இல்லாத நிம்மதியோடு இருந்தாள்.

லோரீன் அவள் கைகளைப் பிடித்துத் தேய்த்தாள்.

"ஏண்டி வீட்டுக்குள்ள வரல? கதவு தொறந்துதானே கெடக்கு? ரெண்டு மணி நேரமா இந்தக் குளிர்ல..."

"நீதானே விட்டுட்டுப் போனே."

"நான் எங்க விட்டேன்? எனக்குத் தெரியவே தெரியாதே."

"இல்லம்மா. நீ இங்க வந்தே. என்னைப் பாத்தே"என்றாள் ஓப்பல். "பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம அட்டைய மாட்டிட்டுப் போனே. இன்னிக்கு ஸ்கூலுக்குப் போக வேணாம்னு நீ விட்டுட்டேன்னு நெனச்சேன்."

லோரீன் அந்த இருக்கையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நீ தூங்கணும்ல"என்றது பிள்ளை. "அதான் சத்தம் போடாம இருந்தேன்."

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். எட்டு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடக்கிற முதுகு இல்லை அவளுக்கு. இருந்தும் தூக்கினாள். கம்பளியில் சுற்றி, பாலைச் சூடாக்கிக் கொடுத்தாள். பிறகு பள்ளிக்கூட அலுவலகத்துக்கு போன் செய்து, ஓப்பலுக்கு வயிற்று வலி, வீட்டில் இருக்கிறாள், காலையிலேயே சொல்ல மறந்துவிட்டேன் என்றாள். பொய் தடங்கலில்லாமல் வந்தது. பிள்ளை வீட்டில் இருந்தது, வயிற்று வலியும் இருந்ததுதானே.

மத்தியானம் சாப்பிட வந்த கார்த்திடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் போய் ஓப்பலின் தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தான். பஸ்ஸில் பிள்ளையை விட்டுவிட்டுப் போகிற ஓட்டுநருக்கு வேலை போகும் என்று அவனுக்கும் தெரியும். வாழ்க்கையில் முதல் தடவையாக அவனிடமிருந்து ஒரு யோசனை வந்தது.

"நம்ம வாசல், நம்ம பிள்ள. இதுல மூணாவது ஆளுக்கு என்ன வேல? விட்டுடு, லோரீன். வேடோட மருந்த நெனச்சுப் பாரு."

அவன் சொன்னதில் தப்பில்லை. வேடின் மருந்தை நினைத்துக்கொண்டேதான் பஸ் சாவியைக் கையில் எடுத்தாள். இரண்டேகாலுக்குக் கிளம்ப வேண்டும். ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து மேலே இருக்கிற பெரிய கண்ணாடியில் பார்த்தாள். இருபத்திரண்டு இருக்கைகளும் கடைசி வரை தெரிந்தன. காலையிலும் இப்படித்தான் தெரிந்திருக்கும். அவள் கீழே இறங்கி, ஓப்பலைத் தங்கள் பழைய வண்டியில் ஏற்றிக்கொண்டு, பஸ் அலுவலகத்துக்குப் போய் சாவியை மேஜையில் வைத்தாள்.

அங்கே ட்வெய்ன் கெஸ்லர் இருந்தார். பஸ்களுக்கெல்லாம் பொறுப்பாளர். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். அவள் சொல்லி முடிக்கும் வரை தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"நீ சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"தெரியும்."

"பின்ன எதுக்கு வந்தே?"

"இன்னும் அம்பது பிள்ளைங்க இருக்காங்க ட்வெய்ன். எம் பொண்ணு என் மூஞ்சிய நேரா பாத்திருக்கா. என் கண்ணு தொறந்துதான் இருந்திருக்கு. நான் பாக்கல. ரொம்பக் களைச்சுப் போயிட்டேன்."

ட்வெய்ன் தொப்பியை மேஜையில் வைத்தார். ஓட்டுநர் கிடைக்காத காலம். நாலு பஸ்ஸுக்கு மூன்று பேரை வைத்துக்கொண்டு சமாளித்து வந்தார். அதுதான் அவளைக் காப்பாற்றியது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அவளாக வந்து சொன்னதுதான் என்று அவர் சொன்னார். மூன்று நாள் சம்பளமில்லாமல் வீட்டில் இருக்க வேண்டும், அவள் ஃபைலில் ஒரு எச்சரிக்கைக் கடிதம் போகும், இன்னொரு முறை நடந்தால் பேச்சுக்கே இடமில்லை. அன்று மாலையும் அந்த மூன்று நாளும் பதினாலாம் நம்பரைத் தானே ஓட்டுவதாகச் சொல்லி, தன் இடுப்பு வலியை நினைத்து ஒரு கெட்ட வார்த்தையும் சொன்னார்.

புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் ஓப்பலை லோரீன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. வேடு மட்டும் ட்வெய்னோடு போனான்.

புதன்கிழமை காலையிலேயே செய்தி கேட்டு மெரிலீ ஒரு பெட்டி நிறையப் புத்தகங்களோடு வந்து இறங்கினாள். மணி நேரக் கணக்கு எழுதும் நோட்டு, அதில் ஒட்ட நட்சத்திரங்கள், மணிவாரியாக ஒரு அட்டவணை. ஒரு பாடத்துக்கு இருபது நிமிஷம், கண்டிப்பாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். லோரீனும் சொல்பேச்சுக் கேட்கிற மாணவி போலச் சமையல் மேஜையைத் துடைத்து, பென்சில் சீவி, முட்டை வேகவைக்கும்போது வைக்கிற மணிக் கடிகாரத்தை இருபதில் திருப்பிப் பிள்ளையின் முன்னால் வைத்தாள்.

ஓப்பலின் இரண்டு கைகளும் வயிற்றுக்குப் போயின.

லோரீன் ஒரு நிமிஷம் அந்தக் கைகளைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, கடிகாரத்தை எடுத்து மாவு டப்பாவுக்குள் போட்டு மூடினாள். அது உள்ளே கிடந்து டிக் டிக் என்று ஓடியது. இரண்டு பேரும் வேறு ஒன்றும் செய்யாமல் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் மாவுக்குள்ளிருந்து மணி அடித்தது. ஓப்பல் சிரித்தாள். அன்றைய படிப்பு அவ்வளவுதான்.

வியாழக்கிழமை லோரீன் பதினொன்று வரை தூங்கிவிட்டாள். எழுந்தபோது ஓப்பல் கோழிக் கூண்டைச் சுத்தம் செய்துவிட்டுப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாள். மெரிலீயாக இருந்தால் நோட்டில் மூன்று மணி நேரம் ஏறியிருக்கும்.

வெள்ளிக்கிழமை, பெட்டியிலிருந்த புத்தகங்களைத் தொடாமல், பதினாலாம் நம்பர் பஸ் போகும் வழித்தாளைப் பிள்ளையிடம் கொடுத்தாள். எங்கே திரும்ப வேண்டும், எத்தனை மைல், எந்த வீட்டில் எந்தப் பிள்ளை ஏறும் என்று நாலு பக்கம் இருக்கும். ஓப்பல் விரலை வைத்து மெதுவாகப் படித்தாள். இடது. கல் பாலம். ஒன்றரை மைல். தெரிந்த பெயர்கள் வந்தபோது வேகமாகவும், தெரியாத சொற்களில் நின்று நின்றும் படித்தாள். சில இடங்களில் தப்பாகவும் படித்தாள். லோரீன் திருத்த வேண்டும் என்று நினைத்துக்கொண்டே சோபாவில் கண்ணை மூடினாள். விழித்தபோது ஓப்பல் இரண்டாம் முறையாக முதல் பக்கத்தில் இருந்தாள்.

அன்று சாயங்காலம் கார்த்திடம் சொன்னாள். பிள்ளைக்கு ஒரே வாரத்தில் படிப்பு வந்துவிட்டது என்று அவள் சொல்லவில்லை. வரவில்லை. தனக்கு இது முடியும் என்றும் அவளுக்கு நிச்சயமில்லை.

"நான் நல்ல டீச்சர் கெடையாது"என்றாள். "பாதி நாள் தூங்கிடுவேன். ஆனா அவ கண்ணுக்கு எதிர்ல இருப்பா. இனிமே என்னால அவளப் பாக்காம இருக்க முடியாது."

கார்த் வழக்கம்போல நீ என்ன சொல்றியோ அதுதான் என்று ஆரம்பித்தான். அவள் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டான். பிறகு, செவ்வாயும் வியாழனும் மத்தியானம் வேலையைச் சீக்கிரம் முடித்து வந்து கணக்குப் பாடம் தான் சொல்லித் தருவதாகவும், அந்த நேரத்தில் அவள் தூங்கலாம் என்றும் சொன்னான். கூரைக்காரனுக்கு அளவு தெரியும்.

திங்கட்கிழமை காலை கடைசிப் பிள்ளை இறங்கியதும் லோரீன் பலகையிலிருந்து கடிதத்தை உருவினாள். நாலு மாத வெயிலில் மடிப்பு மஞ்சளாகியிருந்தது. தேதியைப் போட்டு, உள்ளே போய் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தாள். டீச்சர் தாழ்வாரம் வரை வந்து, வருத்தம்தான், ஆனாலும் புரிகிறது என்றார். அவர் கண்ணிலும் தூக்கமில்லை.

ஓட்டுநர்களின் சின்னப் பிள்ளைகள் முன் இருக்கையில் கூடவே வரலாம் என்று ஒரு பழைய ஏற்பாடு அங்கே உண்டு. மூன்று நாள் ஓட்டி இடுப்பொடிந்து போயிருந்த ட்வெய்ன், ஓப்பல் அப்படி வந்தால் தனக்கு ஆட்சேபணை இல்லை என்று சொல்லியிருந்தார். ஆகவே ஓப்பல் எல்லாப் பிள்ளைகளோடும் பள்ளிக்கூடம் வரை வந்து, இறங்காமல் திரும்பி வந்தாள். வயிறு வலிக்கிறதா என்று லோரீன் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

வீட்டு வாசலில் பஸ்ஸை நிறுத்தி, இருக்கை இருக்கையாகக் குனிந்து பார்த்துக்கொண்டு பின்னால் போனாள். வலது பக்கம், இடது பக்கம், கீழே தரை. நாலாவது வரிசையிலேயே முதுகு கெஞ்சியது.

"நான் இங்க முன்னாடிதானே இருக்கேன்"என்றாள் ஓப்பல்.

"தெரியுது. இருந்தாலும் பாக்கணும்."

கடைசி வரிசை வரை பார்த்து முடித்து அட்டையைக் கையில் எடுத்தாள். கண்ணாடியில் மாட்டப் போனவள் நின்று, முன் இருக்கையைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீ மொதல்ல எறங்கு, கண்ணு. நீ உள்ள இருக்கறப்ப நான் இத மாட்ட மாட்டேன்."

ஓப்பல் புத்தகப் பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். அவள் இரண்டு கால்களும் சரளைக்கல்லில் படுகிற சத்தம் கேட்ட பிறகுதான் லோரீன் அட்டையை மாட்டினாள்.